இடப்பக்கம் இழுக்கும் துவக்கு

லா சப்பலில் துவக்கைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கார் து நோர்ட்டில் இறங்கி, ஃபோபூர் சென் டெனி வீதியால் மேலே நடந்து, றூ காய் முடக்கில் ஒரு பிளேன் ரீக்குச் சொல்லிவிட்டு நின்றால் போதும். ஏகே நாற்பத்தேழுக்கும் ரைப் ஐம்பத்தாறுக்கும் என்ன வித்தியாசம், ஜி3யின் இழுவை எவ்வளவு, எந்தச் சண்டையில் எந்த ஆயுதம் கைவிட்டது என்று விளக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். இவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் ஒரு இடியன் துவக்கைக்கூடத் தொட்டிராதவர்கள். உண்மையில் தொட்டவர்கள் மூலையில் நின்று பேசாமல் ரீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த விவாதங்களில் ஒருபோதும் பெயர் அடிபடாத ஒரு துவக்கைப் பற்றியே இங்கே எழுதப்போகிறேன். 'த்ரீ நொட் த்ரீ' என்று நமது சனங்கள் சொன்ன .303 லீ-என்ஃபீல்ட் றைபிள். ஏகே வருவதற்கு முன்னர் எங்கள் ஊர்ப் பொலிஸ்காரரின் தோளில் தொங்கியது அதுதான். இரண்டு உலகப் போர்களில் வெள்ளைக்காரன் பாவித்து, தேய்ந்த பிறகு குடியேற்ற நாடுகளின் பொலிஸ் ஸ்ரேசன்களுக்குத் தள்ளிவிட்ட பழஞ்சாமான். ஒவ்வொரு முறையும் கையால் பின்னே இழுத்து, முன்னே தள்ளிச் சுடவேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதியில் யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போனால் சின்னப் பெடியன்களே சிரித்தார்கள்.

அந்தத் துவக்கைப் பாரிஸில், நான் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஒரு கிழவரின் சமையலறை மேசைமீது மறுபடியும் கண்டேன்.

*

கிழவர் சென் எத்தியென் நகரத்தவர். பிரான்ஸின் துவக்கு நகரம் அது. 1764இல் அங்கே அரச ஆயுதத் தொழிற்சாலை தொடங்கியது. 2001இல் மூடினார்கள். பிரெஞ்சு இராணுவத்தின் ஃபமாஸ் துவக்கு அங்கேதான் பிறந்தது. கிழவர் இளமையில் லேத் இயந்திரத்தில் வேலை செய்தவர். பின்பு பாரிஸுக்கு வந்து லிஃப்ற் திருத்தும் வேலையில் ஓய்வுபெற்றார். மனைவி இல்லை. பிள்ளைகள் தெற்கே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகரில் இருக்கும் ஒரு சுடும் கழகத்துக்குப் போவார். அங்கே பழைய இராணுவத் துவக்குகளுக்கென்றே ஒரு போட்டிப் பிரிவு உண்டு. இருநூறு மீற்றர் தூரத்தில் ஒரு காகித இலக்கு. துவக்கு இராணுவம் பாவித்த வடிவத்திலேயே இருக்கவேண்டும். தொலைநோக்கிக் கண்ணாடி பூட்டுவது, புதுப் பிடி போடுவது எதுவும் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டு ஒரு கிழட்டுத் துவக்கை எவ்வளவு நேராகச் சுடவைக்கலாம் என்பதே அவர்களுடைய விளையாட்டு.

பிரான்ஸில் இந்த விளையாட்டுக்கு முன்னர் ஒரு தடை இருந்தது. இராணுவம் பாவித்த அளவுத் தோட்டாவென்றால் அது போர் ஆயுதம் என்று பழைய சட்டம் எண்ணிற்று. ஆகவே துவக்கை வைத்திருக்க விரும்பியவர்கள் தோட்டா அறையைக் கடைந்து வேறு அளவுத் தோட்டாவுக்கு மாற்றினார்கள். 2013 செப்ரெம்பர் 6ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம், தோட்டாவின் அளவை விட்டுவிட்டு, துவக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கணக்கில் எடுத்தது. கையால் இழுத்துச் சுடும் றைபிள்கள் 'சி' பிரிவுக்குள் வந்தன. கழகத்தின் உரிமமோ வேட்டை உரிமமோ வேண்டும், அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டும், வீட்டில் பூட்டி வைக்கவேண்டும். கிழவரின் .303 அதன் பிறகுதான் அவரிடம் வந்தது.

ஒருநாள் அவருடைய குளிர்சாதனப் பெட்டியை மாடிக்குத் தூக்க ஒரு கை கொடுத்தேன். கோப்பி தந்தார். மேசையில் பழைய துணி விரித்து, அதன்மேல் துவக்கைத் துண்டு துண்டாகக் கழற்றி வைத்திருந்தார். நான் கதவடியிலேயே நின்றுவிட்டேன். பாருங்கள், அகதி விண்ணப்பத்தை விசாரித்தபோது 'நீ ஆயுதம் தொட்டதுண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று உண்மையைத்தான் சொன்னேன். முப்பது வருடமாக என் கோப்பில் அந்த 'இல்லை' பத்திரமாக இருக்கிறது. ஒரு கோப்பிக்காக அதைக் கெடுப்பானேன்?

கிழவர் சிரித்தார். "இது இப்போது மரமும் இரும்பும் மட்டும்தான், மெசியே. வந்து இருங்கள்" என்றார்.

அந்த இரும்பின் வலப்பக்கத்தில், பிடி தொடங்கும் இடத்தில், ஒரு முடி பொறித்திருந்தது. அதன் கீழே ஜி.ஆர்.ஐ. என்று மூன்று எழுத்துகள். 'ஜோர்ஜ், அரசர், சக்கரவர்த்தி' என்பதன் இலத்தீன் சுருக்கம். அதற்கும் கீழே 'இஷாபூர், 1942'. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் இருக்கும் தொழிற்சாலை. வங்காளத்தில் செய்த துவக்கு, எந்தெந்தப் போர்களுக்கெல்லாம் போய்வந்ததோ, கடைசியில் பாரிஸில் ஒரு கிழவரின் மேசையில் கிடக்கிறது. எனக்கு அதன்மேல் ஒருவிதச் சொந்தம் வந்துவிட்டது. அதுவும் நம்மைப்போலக் கடல் தாண்டிய கேஸ்தானே.

*

ஒரு பழைய துவக்கை எப்படித் திருத்துவது? அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிறு பின்னேரங்களில் கிழவர் எனக்கு அதைத்தான் சொல்லித் தந்தார். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

முதலாவது, ஒன்றையும் திருத்தாதே, கழுவு. பழைய இராணுவத் தோட்டாக்களின் அடியில் தீப்பொறி தரும் மருந்தில் ஒருவகை உப்பு இருந்தது. சுட்டு முடிந்ததும் அந்த உப்பு பரலின் உட்புறத்தில் படிந்துவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவை இழுக்கும். எண்ணெயில் உப்புக் கரையாது. தண்ணீரில்தான் கரையும். ஆகவே சுட்ட துவக்குக்குள் முதலில் கொதிநீர் ஊற்றவேண்டும், அதன் பிறகே எண்ணெய்.

கிழவர் இதைச் சொன்னபோது எனக்கு ஒரு புனல் ஞாபகம் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, வாயைப் பார். குண்டு துவக்கைவிட்டுப் பிரியும்போது கடைசியாகத் தொடுவது பரலின் வாய் விளிம்பைத்தான். அந்த விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், குண்டின் பின்னால் வரும் புகை ஒரு பக்கத்தால் முந்திக்கொண்டு வெளியேறி, குண்டின் பிட்டத்தில் ஒரு தட்டுத் தட்டிவிடும். இலக்கில் அது சாண் கணக்கில் தெரியும். இந்தத் தேய்வு பெரும்பாலும் சுட்டதால் வருவதில்லை, துடைத்ததால் வருவது. கயிற்றில் சீலைத் துண்டைக் கட்டிப் பரலுக்குள்ளால் இழுக்கும் சிப்பாய், வருடக்கணக்காக ஒரே கோணத்தில் இழுத்தால் கயிறே இரும்பை அறுத்துவிடும். கிணற்றுக் கட்டில் கயிறு பதித்த தடத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, மரம். இதுதான் பெரிய வேலை. .303இன் பரல் தொடக்கம் முதல் வாய்வரை மரத்துக்குள்ளேயே படுத்திருக்கிறது. மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், எண்ணெய் குடித்துக் குடித்து இரும்பு உதைக்கும் இடத்தில் சோறுபோலக் குழைந்துவிடும். ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னால் உதைக்கிறது. உதை வாங்கும் இரண்டு கன்னங்களும் இடமும் வலமும் ஒரே மாதிரி மரத்தில் பதிந்திருக்கவேண்டும். ஒன்று பதிந்து மற்றது பதியாவிட்டால் துவக்கு ஒவ்வொரு வெடிக்கும் வேறு பக்கம் நெளியும். கிழவர் இரும்புக்குக் கரி பூசி, மரத்தில் வைத்து அழுத்தி, எடுத்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் இழை இழையாகச் சீவினார். குழைந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு வைர மரத்தில் ஒட்டுப் போட்டார். முன்னுக்கு, பரலின் வாய்க்குச் சற்றுக் கீழே, மரத்துக்குள் ஒரு சிறு முளையும் சுருளும் இருக்கின்றன. பரலை அளவாக மேல்நோக்கித் தாங்கிக்கொண்டிருப்பது அவற்றின் வேலை. நடுவே இன்னொரு சுருள் ஆணி பரலைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. இந்த இரண்டு இழுபறிக்கும் நடுவில்தான் பரல் ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரி அதிர்கிறது. அதிர்வை நிறுத்தமுடியாது, ஒரே மாதிரி அதிரச் செய்யலாம். இதுதான் முழு வித்தையும் என்றார்.

நான்காவது, தோட்டா. போர்க்காலத்தில் அவசரத்தில் கடைந்த பரல்கள் எல்லாம் ஒரே விட்டம் அல்ல. உன் பரலை அளந்து, அதற்குப் பொருந்தும் குண்டைத் தேடி, மருந்தைத் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றாக நீயே கட்டிக்கொள்ளவேண்டும். போர்க்காலச் சிப்பாய்க்குக் கொடுத்தது 174 கிறெயின் குண்டு. கிழவரும் அந்த எடைக்குக் கிட்டவே நின்றார்.

ஐந்தாவது, முன்குறி. எல்லாம் முடிந்து, ஐந்து வெடியும் ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்ட விழத் தொடங்கிய பிறகே இதைத் தொடவேண்டும். பரல் நுனியில் நிற்கும் அந்தச் சிறு தகட்டைப் பக்கவாட்டில் தள்ளலாம். துவக்கு இடப்பக்கம் இழுத்தால் எந்தப் பக்கம் தள்ளவேண்டும்? நான் வலப்பக்கம் என்றேன். கிழவர் தலையை ஆட்டினார். "குண்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே முன்குறியைத் தள்ளவேண்டும், மெசியே. பிழையைத் துரத்திக்கொண்டு போகவேண்டும்."

எல்லாத் திருத்தமும் செய்யாத ஒரு சாதாரண .303 நூறு யார் தூரத்தில் ஐந்து குண்டை மூன்று நான்கு அங்குல வட்டத்துக்குள் போட்டால் அது நல்ல துவக்கு. கிழவரின் நோக்கம் அதில் பாதி.

இந்தத் துவக்கின் ஒரு வினோதத்தையும் சொல்லவேண்டும். இதன் பூட்டு பின்பக்கத்தில் இருப்பதால் வெடிக்கும்போது இரும்பு முழுவதுமே வளைந்து நிமிரும். வேகம் குறைந்த குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறுகிறது. அந்த நேரத்தில் பரலின் வாய் சற்று உயர்ந்திருக்கிறது. ஆகவே கிட்டத்தில் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும், மிகத் தூரத்தில் அதே குண்டுகள் ஒன்றுகூடிவிடும். இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் ஆயிரம் யார் சுடுகிறவர்கள் இதைக் கண்டு வைத்திருந்தார்கள். கிட்ட நின்றால் தவறும், எட்ட நின்றால் பொருந்தும். லா சப்பலின் அரசியல் ஆய்வாளர்களுக்கென்றே செய்த துவக்கு! எண்ணாயிரம் கிலோ மீற்றருக்கு அப்பால் நின்று நாங்கள் ஒருபோதும் குறி தவறியதில்லை.

*

துவக்கைத் திருத்துவது கிழவர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. பின்லாந்துக்காரர் 1917இல் ரஷ்யாவிலிருந்து பிரிந்தபோது கையில் இருந்தவை ரஷ்யன் விட்டுப்போன மொசின்-நாகான் துவக்குகள். புதிதாக வாங்கக் காசில்லை. பழைய ரஷ்ய இரும்பை வைத்துக்கொண்டு புதுப் பரல் போட்டார்கள், மரத்தைத் திருத்தினார்கள், குறியை மாற்றினார்கள். 1939 நவம்பர் 30ஆம் தேதி சோவியத் படைகள் உள்ளே வந்தபோது, ரஷ்யனின் துவக்கே ரஷ்யனைவிட நேராகச் சுட்டது. சிமோ ஹைஹா என்ற விவசாயி ஐந்நூறுக்கும் அதிகமானவர்களைச் சுட்டதாகச் சொல்கிறார்கள். அவர் கையில் இருந்தது அப்படித் திருத்திய எம்28-30 வகைத் துவக்கு. தொலைநோக்கி இல்லை, வெறும் இரும்புக் குறி.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. அது நம்முடைய கதை. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்களே, அந்தக் கொழுப்புத் தோட்டா விவகாரத்தின் துவக்கு என்ஃபீல்ட் றைபிள்தான். 'றைபிள்' என்றால் பரலின் உள்ளே திருகு வரி வெட்டியது என்று பொருள். அந்த வரிதான் குண்டைச் சுழற்றி நேராகப் போகச் செய்கிறது. எழுச்சியை அடக்கிய பிறகு வெள்ளைக்காரன் என்ன செய்தான் தெரியுமா? இந்தியச் சிப்பாய்களுக்கென்று வரியில்லாத, வழுவழுப்பான பரலோடு என்ஃபீல்ட் செய்து கொடுத்தான். வெளியே பார்த்தால் அதே துவக்கு. உள்ளே குறி இல்லை. அதன் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு, வெள்ளைச் சிப்பாய்க்குப் புதுத் துவக்கு வந்தால் இந்தியச் சிப்பாய்க்கு அதற்கு முந்தியது என்பதே வழக்கமாயிருந்தது.

கிழவரின் துவக்குச் செய்த அதே இஷாபூரில் இன்னொன்றும் செய்தார்கள். .303 துவக்கின் வரியைக் கடைந்து அழித்து, .410 என்ற வழுவல் பரலாக்கி, தோட்டாப் பெட்டி இருக்கும் இடத்தில் மரக்கட்டையை வைத்து அடைத்து, ஒருமுறைக்கு ஒரு வெடி மட்டும் சுடும்படி பொலிஸாருக்கும் சிறைக் காவலருக்கும் கொடுத்தார்கள். காவலுக்குப் போதும், கலகத்துக்குப் போதாது. யாராவது பறித்துக்கொண்டு போனாலும் இராணுவத் தோட்டா அதற்குச் சரிவராது. ஒரு அரசாங்கம் தன் சேவகனை எவ்வளவு நம்புகிறது என்று அறிய அவனுக்குக் கொடுத்த துவக்கின் பரலுக்குள் பார்த்தால் போதும்.

ஆனால் குறியை வைத்துக்கொண்டவர்கள் அதை எதற்குப் பாவித்தார்கள்? 1919 ஏப்ரல் 13ஆம் தேதி ஜாலியன்வாலா பாக்கில் ஐம்பது சிப்பாய்கள் .303ஆல் 1,650 தோட்டாக்களைச் சுட்டார்கள். சனம் எங்கே அடர்ந்து நின்றதோ அங்கே சுடச் சொன்னான் டயர். உத்தியோகக் கணக்கே 379 பேர் என்றது. அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு அடர்ந்த சனத்தின்மீது, எந்தத் துவக்குக்கும் திருத்தம் தேவைப்படவில்லை. 1974 ஜனவரி 10ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் பொலிஸார் மேலே சுட்டார்கள். மின்கம்பி அறுந்து சனங்கள்மீது விழுந்தது. மின்சாரம் தாக்கிச் செத்தார்கள். அங்கே யாரும் யாரையும் குறி பார்க்கவேயில்லை.

"மேல சுட்டாலும் கீழதான் வரும்" என்பார் எங்கள் மாமா.

*

மாமா அம்மாவின் தமையன். அறுபதுகளில் பொலிஸில் சேர்ந்து, தெற்கில் பல ஊர்கள் சுற்றி, எழுபதுகளின் கடைசியில் வடக்குக்கு மாற்றலாகி வந்த கொன்ஸ்ரபிள். எந்த ஸ்ரேசன் என்பது இங்கே வேண்டாம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக் கரியரைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒருநாள் ஸ்ரேசனின் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் மாமாவைக் கண்டேன். அடுப்பில் கேத்தில் கொதிக்கிறது. துவக்கைத் தலைகீழாகச் சரித்து, பின்பக்கத்து ஓட்டையில் ஒரு புனலை வைத்து, கொதிநீரை ஊற்றிக்கொண்டிருந்தார். கறுப்புத் தண்ணீர் வாயால் வழிந்தது.

"என்ன மாமா, துவக்குக்கு ரீ ஊத்துறியளே?"

"ஓமடா. அதுக்கும் தொண்டை காயும்தானே."

அன்று அவர் எதற்காகத் துவக்கைக் கழுவினார் என்று எனக்குத் தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகு அம்மா சொன்னார். அதற்கு முதல்நாள் ஒரு கடையடைப்பு. சனங்கள் வீதியில் கூடிவிட்டார்கள். கல்லும் போத்திலும் பறக்கின்றன. மேலதிகாரி சுடச் சொல்லிவிட்டான். வரிசையில் நின்ற ஐந்து பேரில் மாமா மட்டும்தான் தமிழர். அதிகாரி அவருக்கு நேர் பின்னால் வந்து நின்றுகொண்டான். மேலே சுட்டாலும் தெரியும், நிலத்தில் சுட்டாலும் தெரியும்.

மாமாவின் துவக்கு இடப்பக்கம் இழுக்கும். ஐம்பது யாரில் ஒரு சாண். முன்குறி எப்போதோ அடிபட்டு விலகிப்போயிருந்தது. வருடாந்தப் பயிற்சியில் அதனால் அவர் பேச்சு வாங்கியிருக்கிறார். அந்த ஒரு சாணை மாமா நம்பினார். கூட்டத்தின் இடது ஓரத்தில் நின்ற ஒருவனின் இடது தோளுக்கு நேரே குறியை வைத்தார். பின்னால் நின்று பார்த்தவனுக்குப் பரல் சனத்தைத்தான் பார்க்கிறது. மாமா இரண்டு வெடி வைத்தார். இரண்டும் வீதியோரத்துப் பனைமரத்தில் போய் இறங்கின. மற்றவர்கள் சுட்டதில் காயம்பட்டவர்கள் இருந்தார்கள். மாமாவின் வெடியில் ஒருவருமில்லை.

இது குடும்பக் கதை. அம்மா தன் தமையனைப் பற்றிச் சொன்ன கதை. அதில் கொஞ்சம் சீனி கலந்திருக்கலாம். ஆனால் இதன் மறுபாதியில் சீனி கலக்க இடமில்லை. விசாரணையில் "ரெண்டும் எப்பிடி மரத்தில போச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். "துவக்குப் பிழை, சேர்" என்றிருக்கிறார். துவக்கைச் சோதித்தார்கள். பிழைதான். மாமா தப்பினார். அடுத்த மாதமே ஆயுதம் திருத்துகிறவன் ஒருவன் வந்து எல்லாத் துவக்குகளையும் கழற்றிப் பார்த்து, மாமாவின் முன்குறியை இடப்பக்கம் தள்ளிப் பூட்டிவிட்டுப் போனான். "இனி நேராய்ச் சுடும்" என்று தோளில் தட்டிக் கொடுத்தானாம்.

அன்றிலிருந்துதான் மாமா அந்தத் துவக்குக்குப் பயந்தார். இரவில் நித்திரை இல்லை. பிழையான துவக்கு அவருக்கு ஒரு கதவை வைத்திருந்தது. திருத்திய துவக்கு அதை அடைத்துவிட்டது. இனி ஒருநாள் சுடச் சொன்னால், சுடுவதா விடுவதா என்று அவரேதான் முடிவெடுக்கவேண்டும். சாட்டு இல்லை. மாமா கண் பார்வை குறைவு என்று சொல்லி, எழுதிக் கொடுத்து, அலைந்து திரிந்து, முறைப்பாட்டுப் புத்தகம் எழுதும் மேசைக்கு மாறினார்.

மேசைக்கு மாறியதும் ஊரில் வேறு கதை கிளம்பிற்று. முறைப்பாட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதுகிறவன்தான் பெயர் கொடுக்கிறவன் என்றார்கள். 1982இல் ஒரு பின்னேரம், மாமா சைக்கிளில் சந்தையால் வரும்போது இரண்டு பேர் மறித்தார்கள். கைத்துவக்கு. இரண்டு முழத் தூரம். அந்தத் தூரத்தில் முன்குறி எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். மரமும் வேண்டாம், வரியும் வேண்டாம், நிறுத்த மருந்தும் வேண்டாம். சைக்கிள் கூடையில் இருந்த கத்தரிக்காய்களை யாரோ பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். அதற்கும் இதற்கும் யார் பொறுப்பு என்று லா சப்பலில் இன்றைக்கும் எனக்கு விளக்கம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். 'அந்தக் காலத்தின் தேவை' என்பார்கள். அந்த ஐந்து பேர் வரிசையில் நின்றுகொண்டு தன் சனத்தைத் தவறவிட ஒரு சாண் தேடிய மனிதரைப் பற்றி அந்தக் காலத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

*

வசந்தம் வந்ததும் கிழவர் தன் துவக்கை இருநூறு மீற்றரில் சுட்டுப் பார்த்தார். நானும் போனேன். காதுக்கு மூடி போட்டு, கண்ணாடிக்கு இப்பால் இருந்து பார்த்தேன். திரும்பி வரும்போது காகிதத்தைக் காட்டினார். பத்து ஓட்டைகள். என் உள்ளங்கையை விரித்து வைத்தால் ஒன்பதை மூடலாம். பத்தாவது தன்னுடைய பிழை, துவக்கின் பிழையல்ல என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. இவ்வளவு காலம் துவக்கின்மீது போட்ட பழியை இனி என்மீது மட்டும்தான் போடலாம், அதற்காகத்தானே திருத்தினேன் என்றார். மாமாவை நித்திரையில்லாமல் ஆக்கிய அதே விடயம் இந்தக் கிழவருக்குச் சந்தோசமாக இருக்கிறது. காகிதத்தைச் சுடும் நாட்டில் பிறந்த கொடுப்பினை.

2022 நவம்பர் 25 முதல் டிசம்பர் 2 வரை பிரெஞ்சு அரசாங்கம் நாடு முழுக்க ஒரு காரியம் செய்தது. பாட்டன் போரிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்ட துவக்கு, தகப்பனின் பழைய வேட்டைத் துவக்கு என்று பதிவில்லாத எதுவென்றாலும் கொண்டுவந்து ஒப்படையுங்கள், கேள்வி கேட்கமாட்டோம் என்றது. சுமார் ஒன்றரை இலட்சம் துவக்குகள் வந்து குவிந்தன. கிழவருக்கு அது பெரிய துக்கம். நல்ல மரம், நல்ல இரும்பு, எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களே என்று அங்கலாய்த்தார். எனக்கோ ஒரு துவக்கை ஒப்படைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒன்றரை இலட்சம் கைகளை நினைத்து ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஊரில் சொட்கண்ணுக்கு உரிமம் வைத்திருந்த கமக்காரர்கள், அதைக் கொடுத்ததற்கும் அடிவாங்கினார்கள், கொடுக்காததற்கும் அடிவாங்கினார்கள்.

.303 மெல்ல மெல்ல உலகத்தை விட்டுப் போகிறது. உத்தரப் பிரதேசப் பொலிஸ் 2020 ஜனவரி 26ஆம் தேதிக் குடியரசு தின அணிவகுப்போடு அதற்குப் பிரியாவிடை கொடுத்தது. இனி அது கிழவர்களின் மேசைக்கும் நூதனசாலைக்கும்தான் சொந்தம்.

மாமி இப்போது கனடாவில், மகளோடு. எண்பத்தைந்து வயது. போன மாதம் தொலைபேசியில் கிழவரையும் இஷாபூரையும் பற்றிச் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஸ்ரேசனைப் பிறகு பெடியள் அடிச்சவங்கள் எல்லே. துவக்கெல்லாம் அள்ளிக்கொண்டு போனவங்கள். மாமான்ர துவக்கும் போயிருக்கும். அது ஆற்ற கையில போய் ஆரைச் சுட்டுதோ" என்றார்.

யார் கையில் போயிருந்தாலும், அது நேராகத்தான் சுட்டிருக்கும்.